யார் பேசவேண்டும் என்று யார் சொல்வது?

ஒரு மாநாடு நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள், மூன்று அரங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாற்பது பேர் பேசலாம். "நான் பேசுகிறேன்" என்று எழுதிப் போட்டவர்களோ நானூறு பேர். மீதி முந்நூற்று அறுபது பேருக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதவேண்டும். அந்த நாற்பது பேரைப் பொறுக்கி எடுப்பது யார்?

காலங்காலமாக இதற்கு ஒரே வழிதான் இருந்தது. துறையில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் ஓர் அறையில் உட்காருவார்கள். காபி வரும், பட்டியல் தயாராகிவிடும். கடந்த இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் இன்னொரு வழியையும் கையாண்டு பார்க்கிறார்கள். வந்த தலைப்புகளையெல்லாம் எல்லோர் பார்வைக்கும் வைத்து, "உங்களுக்கு எது வேண்டும்? ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள்.

எனக்குக் கம்ப்யூட்டர் தொழில் தெரியாது. அரசு அலுவலகத்தில் தட்டச்சில் தொடங்கிக் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன். ஆனால் இந்த ஓட்டு விஷயத்தைப் படிக்கப் படிக்க, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொன்ன ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: கோந்தோர்சே. புரட்சிப் பாடத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். பெரிய அறிஞர், புரட்சியை ஆதரித்தவர், கடைசியில் 1794-இல் அதே புரட்சியின் சிறையில் இறந்துபோனார், அவ்வளவுதான். இன்றைய மாநாட்டுக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கலை அவரும் அவர் காலத்து இன்னொருவரும் 240 வருஷத்துக்கு முன்பே கணக்காகப் போட்டு வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்று ஒருவர். 1983-இல் பெரிய கூட்டம் ஒன்றை ஒரு வருஷம் பாடுபட்டு ஏற்பாடு செய்தார். முடிந்தபிறகு விசாரித்தால், வந்தவர்கள், அவர் உட்பட, எல்லோரும் சொன்னது, "காபி இடைவேளைதான் நன்றாக இருந்தது". மனிதர் கோபித்துக்கொள்ளாமல் யோசித்தார். 1985-இல் நடந்த அடுத்த கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலே போடவில்லை. வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, யார் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று அங்கேயே எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகலாம், அதில் மரியாதைக் குறைவு கிடையாது. இதற்கு இரண்டு கால் விதி என்று பெயர் வைத்தார். காலால் போடும் ஓட்டு என்று நாம் சொல்லலாம்.

இருபது வருஷம் கழித்து, 2005 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் பார்கேம்ப் என்ற கூட்டம் நடந்தது. அங்கே ஓரெய்லி என்ற புத்தகப் பதிப்பகம் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடத்திவந்தது. அழைப்பு இல்லாதவர்கள் சேர்ந்து, ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்து, யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம் என்று நடத்தியதுதான் பார்கேம்ப். அடுத்த வருஷமே தில்லிக்கும் நம் சென்னைக்கும் வந்துவிட்டது.

அதே 2005-இல் இங்கிலாந்தின் ரெடிங் ஊரில், மைக்ரோசாஃப்ட் வளாகத்தில், மென்பொருள் எழுதுகிறவர்கள் தாங்களே கூடும் ஒருநாள் கூட்டம் தொடங்கியது. சனிக்கிழமை, கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் தலைப்புக் கொடுக்கலாம், எந்தெந்தப் பேச்சு என்பதைப் பொது ஓட்டில் முடிவு செய்வது என்பது அதன் வழக்கம். டி.டி.டி. என்று அதற்குச் சுருக்கப் பெயர். இன்று ஆஸ்திரேலியா வரை அந்தப் பெயரில் கூட்டங்கள் நடக்கின்றன.

பெரிய மாநாடுகளும் விட்டுவைக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1987-இலிருந்து நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் தலைப்புகளைப் பொது ஓட்டுக்கு விட்டார்கள். ஆனால் கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். பொதுமக்கள் ஓட்டுக்கு 30 சதவீதம், ஆலோசனைக் குழுவுக்கு 40, அலுவலர்களுக்கு 30 என்று பங்கு பிரித்தார்கள். 2010-இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்ற மென்பொருளுக்கு அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊரில் மாநாடு நடந்துவந்தது. 2014 நவம்பரில் அது பாரிஸில்கூட நடந்தது. அவர்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "நல்ல பேச்சா?" என்று கேட்கவில்லை. இந்தப் பேச்சுக்குக் கட்டாயம் வருவீர்களா, வர முயல்வீர்களா, வந்தாலும் வருவீர்களா, வரமாட்டீர்களா என்று நான்கு படியாகக் கேட்டார்கள். நம் நாட்டில் 2009-இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா மாநாட்டிலும், அதே ஊரின் ஹாஸ்கீக் நடத்திய கூட்டங்களிலும் ஓட்டு இருந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தாறு பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள். போன வருஷம் பேசியவரையே இந்த வருஷமும் கூப்பிடுவார்கள். புது ஆளின் காகிதம் அடியில் போய்விடும். நான் உறுப்பினராக இருக்கும் ஓய்வூதியர் சங்கத்தில்கூட ஏழெட்டு வருஷமாக அதே நாலு பேர்தான் சிறப்புரை. மூன்றாவது வருஷத்திலிருந்து அந்த நகைச்சுவைத் துணுக்குகள் எங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். ஆகவே ஓட்டுக்கு விடுவது நல்ல மருந்துதான்.

ஆனால் அந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு என்பது என் பேத்தி விஷயத்தில் தெரிந்தது.

சில வருஷம் முன்பு அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து போன் செய்தாள்.

"தாத்தா, ஒரு மாநாட்டுல பேசறதுக்கு எழுதிப் போட்டிருக்கேன். லிங்க் அனுப்பறேன், ஒரு ஓட்டு போட்டுடுங்க. அப்பா, அம்மா, சித்தி எல்லாரும் போட்டாச்சு."

"எதைப் பத்திம்மா பேசப் போற?"

"கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் தமிழைப் படிச்சுக் காட்டும் இல்ல, அதுல நிறைய தப்பா படிக்குது. அதை எப்படிச் சரிபண்றதுன்னு."

"ரொம்ப நல்ல விஷயமாச்சே. ஆனா நான் அந்த மாநாட்டுக்கு வரப்போறதில்லையேம்மா. எனக்கு எதுக்கு ஓட்டு?"

"எல்லாரும் அப்படித்தான் தாத்தா போடறாங்க. பெரிய கம்பெனியா இருந்தா ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு மெயில் போட்டா முந்நூறு ஓட்டு விழுது. எனக்கு நீங்கதானே இருக்கீங்க."

நான் போடவில்லை. வரப்போகிறவர்களைக் கேட்கும் கேள்விக்கு வரமாட்டாதவன் பதில் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அவளுக்குக் கோபம், இரண்டு வாரம் பேசவில்லை. அவள் பேச்சுக்கு முப்பத்துச் சொச்சம் ஓட்டுதான் விழுந்தது, தேர்வாகவில்லை. என் ஒரு ஓட்டால் அது மாறியிருக்காது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் "பெரிய கம்பெனியின் ஒரு மெயிலுக்கு முந்நூறு ஓட்டு" என்று அவள் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் பழைய பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேரிடம் வந்து சேர்ந்தேன்.

முதல் ஆள் போர்தா. கடற்படைக்காரர், கணித அறிஞர். பிரெஞ்சுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலுக்கே பிற்காலத்தில் அவர் பெயரை வைத்தார்கள். பாரிஸ் அறிவியல் அகாதெமியில் புது உறுப்பினரை ஓட்டெடுத்துத்தான் சேர்ப்பார்கள். அந்த ஓட்டெடுப்பில் ஒரு கோளாறு இருக்கிறது என்று 1770-இல் போர்தா எடுத்துச் சொன்னார். அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போடுகிறவர்கள் 21 பேர். போட்டியில் அ, ஆ, இ என மூன்று பேர். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் அ-வுக்கு 8, ஆ-வுக்கு 7, இ-க்கு 6. அ ஜெயித்துவிட்டார், மாலை போட்டுவிடலாம். இப்போது ஒவ்வொருவரிடமும் இரண்டாவது யார், மூன்றாவது யார் என்றும் கேட்போம். அ-வுக்குப் போட்ட 8 பேரில் 7 பேருக்கு இரண்டாவது இ, ஒருவருக்கு ஆ. ஆ-வுக்குப் போட்ட 7 பேருக்கும் இரண்டாவது இ. இ-க்குப் போட்ட 6 பேருக்கும் இரண்டாவது ஆ. அதாவது மற்ற 13 பேருக்கும் அ கடைசி ஆள். முதலிடத்துக்கு 3, இரண்டாவதுக்கு 2, கடைசிக்கு 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இ 47, ஆ 42, அ 37. ஒற்றை ஓட்டில் கடைசியில் நின்றவர் முதலாவதாக வருகிறார், முதலில் நின்றவர் கடைசிக்குப் போகிறார். ஓட்டுப் போட்டவர்களின் மனசு மாறவே இல்லை, கேட்ட விதம்தான் மாறியது.

ஓப்பன்ஸ்டாக் மாநாட்டின் நான்கு படிக் கேள்வி இந்தக் கணக்குக்குத் தூரத்துச் சொந்தம். ஆளுக்கொரு ஓட்டு என்று வாங்கியிருந்தால், ஒரு கூட்டம் ஆரவாரமாக விரும்பி மற்றவர்கள் எல்லோரும் எழுந்து போகும் பேச்சுகள்தான் மேடை ஏறியிருக்கும்.

போர்தாவின் முறையை அகாதெமி ஏற்றுக்கொண்டு சில வருஷம் நடத்தியும் பார்த்தது. அதற்குள் ஒரு குறுக்கு வழி கிளம்பியது. தனக்கு வேண்டியவரை முதலில் எழுதிவிட்டு, அவருக்குப் பலமான போட்டியாளர் யாரோ அவரை வேண்டுமென்றே கடைசியில் எழுதிவிடலாம் அல்லவா? இதை யாரோ சொன்னபோது, "என் முறை யோக்கியமானவர்களுக்காக மட்டும் செய்தது" என்று போர்தா பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீஸில் நாங்கள் எத்தனை படிவம் அடித்திருப்போம், எல்லாமே யோக்கியமானவர்களுக்காகத்தான்.

இரண்டாவது ஆள்தான் எங்கள் பாடப்புத்தகத்துக் கோந்தோர்சே. அதே அகாதெமியின் நிரந்தரச் செயலாளர். பெரும்பான்மை முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று 1785-இல் ஒரு நூலே எழுதினார். சாரம் இதுதான். ஒரு கேள்விக்குப் பத்துக்கு ஆறு தடவை சரியாகப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு 60 தடவை சரி. அப்படிப்பட்ட மூன்று பேரைக் கேட்டுப் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 65. நூற்றியொரு பேரைக் கேட்டால் 97-ஐத் தாண்டிவிடும். ஊர் கூடினால் அறிவு கூடும் என்பதற்குக் கணக்கிலேயே சாட்சி.

ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். ஒவ்வொருவரும் பத்துக்கு நான்கு தடவைதான் சரியாகச் சொல்லக்கூடியவர் என்றால், மூன்று பேரில் 35 ஆகிவிடும், நூற்றியொரு பேரில் மூன்றுக்கும் கீழே போய்விடும். விஷயம் தெரியாதவர்களை எவ்வளவு அதிகம் கூட்டுகிறோமோ அவ்வளவு நிச்சயமாகத் தவறு நடக்கும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாக, தானே யோசித்துச் சொல்லவேண்டும். ஒருவர் சொல்லி மற்ற முந்நூறு பேர் கை தூக்கினால், கணக்கில் அது முந்நூறு ஆகாது, ஒன்றுதான்.

பேத்தி சொன்ன "ஒரு மெயிலுக்கு முந்நூறு ஓட்டு" என்பதன் அர்த்தம் இதைப் படித்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கம்பெனிக்காரர்கள் கள்ள ஓட்டுப் போடவில்லை, சட்டப்படி ஆளுக்கு ஒன்றுதான் போட்டார்கள். ஆனாலும் அத்தனை ஓட்டிலும் இருந்தது ஒரே ஒரு அபிப்பிராயம். எங்கள் வீட்டு ஓட்டும் அதே ரகம்தான். அப்பா, அம்மா, சித்தி மூன்று பேரும் அவள் எழுதியதைப் படித்துவிட்டா போட்டார்கள்? பெண் கேட்டாள், போட்டார்கள்.

நேராக எல்லோரையும் கேட்பது, பொறுப்பானவர்களை மட்டும் கேட்பது என்ற இரண்டு வழியும் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. பிரெஞ்சிந்தியாவின் ஐந்து பகுதிகளில் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களையே நேராகக் கேட்டார்கள். இந்தியாவோடு சேர 7,463 ஓட்டு, எதிராக 114. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் சட்டசபை, நகரசபைப் பிரதிநிதிகள் 178 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். ஆனால் ஜனங்களை நேராகக் கேட்டிருக்கலாமே என்று எங்கள் தெருத் திண்ணையில் பெரியவர்கள் வாதாடுவதைச் சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன். தன்னைக் கேட்கவில்லை என்ற குறை மனிதனுக்கு லேசில் போகாது. மாநாட்டுக்காரர்கள் ஓட்டைக் கைவிட முடியாமல் தவிப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கைவிடாமலே கோளாறைக் குறைக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகள் நம் தேர்வுத் துறையும் டெண்டர் பிரிவும் ரொம்ப நாளாகச் செய்வதுதான். பேச்சாளர் பெயரையும் கம்பெனிப் பெயரையும் மறைத்துத் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் காட்டுகிறார்கள். விடைத்தாளில் டம்மி நம்பர் போடுகிற மாதிரி. பட்டியலில் மேலே இருக்கும் தலைப்புக்கு அதிக ஓட்டு விழும் என்பதால் ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துக் காட்டுகிறார்கள். யாருக்கு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை ஓட்டெடுப்பு முடியும்வரை வெளியிடுவதில்லை. சீல் வைத்த உறைகளைக் கடைசி நாளில் ஒன்றாகப் பிரிப்பதுபோல. டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும்தான் ஓட்டு என்று வைக்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு மாநாடும் இதில் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டு ஆலோசனை சொல்லும், முடிவு குழுவினுடையது என்று வைப்பது. ஓப்பன்ஸ்டாக்கில் அப்படித்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். விழுந்த ஓட்டைப் பார்ப்பார்கள், பிறகு தாங்களே முடிவெடுப்பார்கள். தங்கள் பிரிவில் ஒரே விஷயத்தை ஐந்து பேர் பேசாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ஓட்டுப் போடுகிறவர் ஒவ்வொரு தலைப்பாகத்தான் பார்க்கிறார், முழு நிகழ்ச்சி நிரலைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர்க்காரர்கள் ஓட்டு என்றாலே சந்தேகப்படுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டெபியன் என்ற மென்பொருள் திட்டத்தில் தங்கள் தலைவரை இன்றைக்கும் கோந்தோர்சே வழியில் வந்த முறைப்படிதான், வேட்பாளர்களை இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இத்தனையும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது இது. எந்த அரங்கு நிறையும் என்று ஓட்டு சொல்லும். அதைக் குழுவைவிட நன்றாகவே சொல்லும். ஆனால் எந்தப் பேச்சு பத்துப் பேருக்கு மட்டும் உயிர்போகிற தேவை என்பது ஓட்டில் தெரியாது. அந்தப் பத்துப் பேர் ஓட்டுப் பட்டியல் பக்கம் வந்தே இருக்கமாட்டார்கள். அதைக் கவனிக்கத்தான் குழு வேண்டும். அடுத்த வருஷம் என் பேத்தி சின்னக் கூட்டம் ஒன்றில் அதே விஷயத்தைப் பேசினாள். அங்கே ஓட்டெடுப்பு இல்லை, நடத்துகிறவர்கள் படித்துப் பார்த்துக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் பன்னிரண்டு பேராம். அதில் கண் தெரியாதவர்கள் இரண்டு பேர், பேச்சு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எந்தெந்தச் சொல்லைத் தப்பாகப் படிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். இவள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஓட்டுக்கு விட்டிருந்தால் பன்னிரண்டு பேர் வரும் பேச்சு எங்கே தேறியிருக்கும்?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு வருகிற மாதம் பொதுக்குழு. அடுத்த வருஷத்துச் சிறப்புரைகள் ஆறுக்கும் உறுப்பினர்களையே கேட்டுவிடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பேசுகிறவர் பெயர் இல்லாமல் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் அடித்துக் கொடுப்பது, "இதற்கு வருவீர்களா?" என்று மட்டும் கேட்பது, தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதிக்கொண்டு வருவது. நான்கு உரை ஓட்டுப்படி. மீதி இரண்டு, ஓட்டு குறைந்தாலும் தேவையானது என்று குழு நினைப்பது. செயலாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பெயர் போடலைன்னா நம்ம நாலு பேர் கோவிச்சுக்குவாங்களே சார்" என்றார். பொதுக்குழுவில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளூர் உறுப்பினர்கள் தவறாமல் வாருங்கள்.